விளக்கு அணையட்டும் என்று காத்திருந்த தவுனோ

இது சுத்தமான உண்மைக் கதை. ஒரு சொல் கூட்டவில்லை. சரி, குளிரை மட்டும் கொஞ்சம் இழுத்திருக்கிறேன். பின்லாந்தின் வடகோடியில் இருக்கிற நம்ம லாப்லாந்துக் குளிரை உள்ளபடி சொன்னால் அதற்கே மரியாதைக் குறைச்சல். அந்த மாசி மாதம் காகங்கள் நடந்துதான் போயின. இறக்கையை விரித்தால் திரும்ப மடக்க முடியாதாம்.

தவுனோ ரோட்டில் பனி தள்ளும் லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவன். மனைவி போன பிறகு வீட்டில் பேசுவது ரேடியோ ஒன்றுதான். வானிலை வாசிக்கிற பெண் குளிர் என்றால் இவன், "ஆமாம்மா, இங்கயும் அதேதான்" என்பான். அவள் திரும்ப எதுவும் கேட்கமாட்டாள்.

வயலுக்கு அந்தப் பக்கம் ஹில்க்கா. அவளும் தனிக்கட்டை. ஆனால் நம்ம ஊரில் காரணம் இல்லாமல் யார் வீட்டுக்குப் போவது? சும்மா வந்தேன் என்று கதவைத் தட்டினால் ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

தவுனோவுக்குக் காரணம் கொடுத்தது அவனுடைய கிழட்டு டீசல் வேன். டீசல் எஞ்சின் குளிரில் எழுந்திரிக்க, உள்ளே க்ளோ பிளக்குகள் பழுக்கச் சூடாகணும். சூடாகிற வரை டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணைந்ததும் சாவியை முழுசாகத் திருப்பணும். இவன் வேனில் அந்த விளக்கு செத்துப்போயிருந்தது. குத்துமதிப்பாகத் திருப்புவான். எஞ்சின் இருமும், பேட்டரி படுத்துவிடும். ஹில்க்கா டிராக்டரில் வந்து கேபிள் போட்டுக் கிளப்பிவிடுவாள். பிறகு இவன் அடுக்களையில் காபி, ஏலக்காய் பன், ஊர்க்கதை. அன்றைக்கெல்லாம் ரேடியோவுக்கு லீவு.

ஒரு நாள் அவள் ஒரு சின்ன பல்பையும் ஒரு சுருள் ஒயரையும் மேசையில் வைத்தாள்.

"யோவ் தவுனோ, உன் வேன் இருமுறதுல என் பூனை பயந்து கட்டிலுக்கு அடியிலயே குடித்தனம் பண்ணுது. இந்த விளக்க மாட்டித் தொலை. என் முட்டியும் முன்ன மாதிரி இல்ல."

"மாட்டிட்டா?"

"மாட்டிட்டா வண்டி தானா கிளம்பும். நான் எதுக்கு வரப்போறேன்?"

தவுனோ பன்னைக் காபியில் முக்கிவைத்திருந்ததை மறந்தான். அது உடைந்து அடியில் போயிற்று.

ஆனாலும் வேலையைக் கெடுக்கிற ஆள் இல்லை அவன். பிளக்குகளுக்குக் கரண்ட் போகிற கம்பியிலிருந்து ஒயரைப் பிரித்து, எஞ்சின் சுவரில் இருந்த ரப்பர் ஓட்டை வழியாக உள்ளே இழுத்து, பல்பில் கொடுத்தான். பல்பின் இன்னொரு காலை வண்டியின் உடம்பில் முடுக்கினான். சாவியைத் திருப்பினான். எரிந்தது. அணைந்தது. எஞ்சின் பூப்போலக் கிளம்பியது.

வயலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் திரை விலகி, மூடிக்கொண்டது.

அதற்கப்புறம் யாரும் வரவில்லை. வேன் தினமும் கிளம்பியது. தவுனோவுக்குப் போக ஓர் இடமும் இல்லை. ஏரியைச் சுற்றிவிட்டு வந்து, பழக்கத்தில் இரண்டு கோப்பையில் காபி ஊற்றி, இரண்டையும் தானே குடிப்பான். வானிலைப் பெண்ணுக்குப் பதில் சொல்வதைக்கூட விட்டுவிட்டான்.

பிறகு ஒரு காலை, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்தான். பிளக்கிலிருந்து வந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு, சாவி திருப்பினாலே கரண்ட் வருகிற ஒயரில் பல்பை முறுக்கினான். இப்போது சாவி இருக்கிறவரை விளக்கு எரியும். அணையவே அணையாது.

சாவியைத் திருப்பி உட்கார்ந்தான். விளக்கு எரிந்தது. மூக்கு நுனியில் பனி முளைத்தது. புருவம் வெள்ளையானது. அவனை அப்படியே தூக்கி மீன் கடையில் வைத்திருந்தால் விற்றிருப்பார்கள்.

கடைசியில் டிராக்டர் சத்தம் கேட்டது. ஹில்க்கா ஜன்னலைத் தட்டினாள்.

"என்னய்யா, வேன் புகையே காணோம்? செத்துட்டியோன்னு பாக்க வந்தேன்."

"விளக்கு இன்னும் அணையல."

"அணையலன்னா?"

"அணைஞ்சப்புறம்தானே கிளப்பணும்?"

ஹில்க்கா விளக்கைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கிய ஒயரையும் பார்த்தாள். சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி, கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி. காத்திருப்போம்" என்றாள்.

இதை நான் பெட்ரோல் பங்க் காபி மேசையில் சொல்லி முடிக்கக்கூட இல்லை, கேட்டுக்கொண்டிருந்த லாசே கோப்பையை டொக்கென்று வைத்தான்.

"பித்தலாட்டம்! முட்டி வலிக்காரிய ஏமாத்தி வரவெச்சிருக்கான்!"

"ஏமாத்தினானா?" மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிர்க்கோ எழுந்தே விட்டாள். "அவ டிராக்டர அவளே பிரிச்சு மாட்டுறவ. ஒயரப் பாத்ததும் தெரிஞ்சிருக்கும்டா, மரமண்டை!"

"தெரிஞ்சா ஏன் ஏறி உக்காரணும்? நேரா அடுக்களைக்குப் போய் காபி கேட்டா என்ன?"

"உன் பக்கத்து வீட்டு வாசல நீ என்னைக்கு மிதிச்ச, சொல்லு பாப்போம்!"

"என் கதைய ஏன்டி இழுக்குற?"

"இழுப்பேன்! உக்காரு, எங்க எந்திரிக்கிற? பதில் சொல்லிட்டுப் போ!"