கம்ப்யூட்டரில் வாசித்த தாலாட்டு

எண்பதுகளின் நடுவில் என் அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்குத் திரை கிடையாது, எழுத்துப் பலகை மட்டும்தான். வீட்டு டிவியில் அதை மாட்டி, பக்கத்தில் கேசட் ரெக்கார்டரை வைத்து ஒரு கேசட்டை ஓடவிட வேண்டும். கொஞ்ச நேரம் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு ஏதாவது புரோகிராம் ஏறும். ஒரு கேசட்டில் பாட்டு வாசிக்கும் புரோகிராம் இருந்தது. ஏ தட்டினால் ஸ, எஸ் தட்டினால் ரி. மேல் வரிசை எண்களைத் தட்டினால் குழல், ஆர்கன், மேளம் என்று சத்தம் மாறும்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆங்கில எழுத்துகள் கும்பலாக நின்றால்தான் எனக்குப் பயம், ஒற்றையாக நின்றால் பயமில்லை. அண்ணன் வேலைக்குப் போனதும் எங்கள் புக்கிட் மேரா அடுக்குமாடி வீட்டில் நானும் அந்தப் பலகையும்தான். ரேடியோவில் கேட்ட பாட்டெல்லாம் விரலுக்கு வந்துவிட்டது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மூன்று குடும்பங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பாடச் சொன்னால் வாய் திறக்காது. பேரைக் கேட்டால்கூட அம்மாதான் சொல்ல வேண்டும். மூன்றாவதாக வந்தவர்கள் லிஃப்டுக்குக் காத்திருந்தபடி, "பொண்ணு ஊமை போல" என்று பேசியது எங்கள் வாசல் வரை கேட்டது.

நான்காவதாக வருவதாகச் சொன்னவர்கள் தீவின் கிழக்கே பிடோக்கில் இருந்தார்கள். அந்த மாப்பிள்ளையின் போட்டோ எனக்குப் பிடித்துப்போனது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இந்த இடத்தை விடக் கூடாது என்று இருந்தேன்.

பாடுவதற்குப் பதில் உள்ளே உட்கார்ந்து வாசிக்கும் யோசனை என்னுடையது. அண்ணனும் நானும் டிவி, பலகை, ரெக்கார்டர் எல்லாவற்றையும் தூக்கிப் படுக்கையறையில் வைத்தோம். ஹாலில் டிவி இருந்த இடத்தில் அம்மா ஒரு பூச்சாடியை வைத்தார். வந்தவர்களுக்குக் கேசரி கொடுத்து வணங்கிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.

"ஒரு பாட்டுப் பாடட்டுமே. குரலைக் கேக்கணும்ல?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அவ பாட மாட்டா லா, ஆண்ட்டி. வாசிப்பா. கூச்சம், உள்ள இருந்துதான் வாசிப்பா" என்றார் அண்ணன்.

குழலில் ஒரு சாமி பாட்டை ஆரம்பித்தேன். ஹாலில் யாரோ தொடையில் தாளம் போடுவது கேட்டது. எனக்குத் தைரியம் வந்து வேகம் கூடியது. விரல் நழுவி மேலே ஒரு எண்ணைத் தட்டிவிட்டது. குழல் மேளமாகி, சாமி ஊர்வலம் சாவு ஊர்வலம் போல டமடமவென்று போனது.

"என்னடி இது அபசகுனமா!" என்று அந்த அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே மாப்பிள்ளையும் வந்தார். அந்த அம்மாவின் கண் நேராகக் கேசட் ரெக்கார்டர் மேல் விழுந்தது.

"ஓ, டேப்பைப் போட்டு ஏமாத்துறீங்களா? வாடா, போகலாம்."

எங்கே இருந்து துணிச்சல் வந்ததோ தெரியவில்லை, என் வாய் திறந்துகொண்டது.

"டேப் இல்ல, ஆண்ட்டி. என் கைதான். நீங்க ஒரு பாட்டுப் பாடுங்க. அப்படியே வாசிக்கிறேன்."

"நானா?"

"பாடுங்கம்மா, டேப்பா இல்லையான்னு தெரிஞ்சிடும்" என்றார் மாப்பிள்ளை.

அந்த அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு தாலாட்டை எடுத்தார். குழலில் பின்னாலேயே போனேன். இரண்டாவது அடியில் அவர் சுருதி விலகியது. சரியாக வாசிப்பதா, அவரோடு போவதா? நானும் விலகினேன். அவர் கீழே இறங்கினால் இறங்கினேன், திணறினால் திணறினேன். மூன்றாவது அடியில் அவருக்கு இருமல் வந்தது. எண்ணைத் தட்டி மேளத்துக்கு மாற்றி, வரிசையின் கடைசி இரண்டு எழுத்தை டம் டம்மென்று தட்டி நானும் இருமினேன்.

அந்த அம்மா பாட்டை நிறுத்திவிட்டு என் விரல்களைக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, டேப் இருமுமா?" என்று மாப்பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கொழுப்புடி உனக்கு" என்று அந்த அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு கட்டிலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"தள்ளி உக்காரு. இப்ப இருமாமப் பாடுறேன், நீயும் ஒழுங்கா வாசி." மகன் பக்கம் திரும்பினார். "நீ ஏண்டா இங்க நிக்கிற? ஹாலுக்குப் போய் இவ அம்மாகிட்ட கல்யாணத்துக்கு நாள் பாக்கச் சொல்லு."