நாகஜோதி காலேஜ் விசாரித்தது

அகரம் பக்கத்தில் யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்புகிற வேனில் நாகஜோதிக்கு ஒரு சீட் உண்டு. சொந்தமா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று ஊர் நம்பியது, அவளும் நம்பினாள். தோட்டத்தில் செண்டுமல்லி பறித்துக்கொண்டிருந்தாலும் சரி, கூப்பிட்டால் கையைக் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றுவிடுவாள்.

வீடு பார்க்க அவளிடம் ஒரு முறை இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போக வேண்டும். கூடத்து சோபாவைப் பார்த்து மயங்கக் கூடாது, பாத்ரூம் எங்கே என்று கேட்கிற சாக்கில் கொல்லைப்புறம் போய்ப் பார்க்க வேண்டும். தெருமுனை மளிகைக் கடையிலும் இஸ்திரி வண்டியிலும் பேச்சுக் கொடுக்க வேண்டும். மனசுக்குப் பிடிக்கும்வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது, ஒரு வாய் காப்பிகூட ஆகாது. எல்லாவற்றையும்விட முக்கியம், பார்ப்பதற்கு முன்னால் வாய்தவறியும் சரி என்று சொல்லிவிடக் கூடாது. இப்படி அவள் பார்த்து முடித்துக் கொடுத்த சம்பந்தம் பதினொன்று, நிறுத்தியது நாலு. அந்த நாலைப் பற்றித்தான் அவளுக்குப் பெருமை அதிகம்.

இப்பேர்ப்பட்டவளின் ஒரே மகள் தமிழ்நிலா பிளஸ் டூ முடித்துவிட்டு, ஜியாலஜிதான் படிப்பேன் என்று நின்றாள். பாறையைப் பற்றிய படிப்பாம். பக்கத்துத் தோட்டத்தில் இருநூறு அடியில் தண்ணீர் பீய்ச்சி அடிக்க, இவர்கள் தோட்டத்தில் எண்ணூறு அடி போர் போட்டும் வெறும் புழுதி பறந்த நாளிலிருந்து அவளுக்கு அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. அடியில் அப்படி என்னதான் இருக்கிறது? போர் வண்டி கக்கிய கல்தூளை, எத்தனை அடியில் வந்தது என்று எழுதிப் பை பையாகக் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். நாகஜோதி அதில் இரண்டு பையைக் குப்பையென்று வீசிவிட்டு, மகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்தப் படிப்பு இருக்கிற அரசுக் கல்லூரிகளாகத் தேடியதில் சேலம், திருச்சி, சென்னை என்று மூன்று ஊர் தேறின. அப்பன் சடையாண்டி ‘குட்டியானை’ லோடு வண்டியில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிப் போகிறவர். எது படித்தாலும் சம்மதம், எங்கே படித்தாலும் சம்மதம் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். அவருக்கென்ன! நாகஜோதிக்கு அப்படி விட முடியுமா? மூன்று ஊருக்கும் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு கட்டினாள்.

கவலை பாதி என்றால், ஆசை பாதி. பத்தாவதோடு நின்றவள் அவள். காலேஜ் என்றால் உள்ளே எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பெல் அடிப்பார்களா? பெஞ்சு உண்டா? டீச்சர் வராவிட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பாறையை வகுப்புக்கு எடுத்து வருவார்களா, பிள்ளைகளைப் பாறைக்குக் கூட்டிப் போவார்களா? மகளிடம் கேட்டால் சிரிப்பாள் என்று எல்லாவற்றையும் மனசுக்குள் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

ஆனால் அப்ளிகேஷன் மட்டும் இப்போது போடக் கூடாது என்றாள். தமிழ்நிலா ஒரே ஒருமுறை ஏன் என்று கேட்டாள்.

“வீட்டப் பாக்காமத் தட்டு மாத்துவாகளா? மொதல்ல போயிப் பாப்போம். பெறகு போடு.”

மகள் மறுபேச்சுப் பேசவில்லை. வயசுப்பெண் மறுபேச்சுப் பேசாவிட்டால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும் என்பது, அடுத்தவர் வீட்டு விஷயத்தில் நாகஜோதிக்கு நன்றாகவே தெரியும்.

கத்திரி வெயில் முடியட்டும், வளர்பிறையில் ஒரு புதன்கிழமை கிளம்பலாம் என்று காலண்டரைப் பார்த்து நாள் குறித்தாள். முதலில் சேலம், அப்புறம் திருச்சி, கடைசியில் சென்னை. சடையாண்டி நாலு நாளைக்கு வண்டியை நிறுத்தச் சம்மதித்தார். காலேஜ் கேன்டீனில் கை நனைக்கக் கூடாதல்லவா, அதற்காகப் புளிச்சோறும் துவையலும் கட்டுவது என்று ஏற்பாடு. நாலு நாளைக்குப் புளிச்சோறா என்று சடையாண்டி கேட்டதற்கு, இரண்டாம் நாளிலிருந்து ஓட்டலில் சாப்பிடலாம், காலேஜுக்குள்தான் கூடாது என்று சலுகை கொடுத்தாள்.

போவதற்கு முன்பே அக்கம்பக்கம் விசாரிக்க வேண்டுமே. தாடிக்கொம்பில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற பர்ஹானாவிடம் போய், சேலத்துக் காலேஜுக்கு எதிர்த்தாற்போல் ஏதாவது கடை இருக்கிறதா பார் என்றாள். அந்தப் பெண் மேப்பில் தேடி ஒரு ஜெராக்ஸ் கடையின் நம்பரைக் கொடுத்தாள். நாகஜோதி வீட்டுக்கு வந்து சாவகாசமாக உட்கார்ந்து அந்த நம்பருக்குப் போன் போட்டாள்.

கடைக்காரர் நல்ல மனிதர். காம்பவுண்டு சுவர் எவ்வளவு உயரம், சாயங்காலம் பெண்பிள்ளைகள் கூட்டமாகப் போகிறார்களா தனித்தனியாகப் போகிறார்களா, ஹாஸ்டலுக்குத் தண்ணீர் லாரியில் வருகிறதா குழாயில் வருகிறதா என்று இவள் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். பேச்சு முடிகிற நேரத்தில்தான் அவர் ஒன்று கேட்டார்.

“பாப்பாவுக்கு அப்ளிகேஷன் போட்டாச்சுங்களாக்கா? வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிருச்சுங்களே.”

அன்றைக்குத் திங்கட்கிழமை. சேலத்துக்கு மட்டும்தானா என்று கேட்டாள். எல்லா அரசுக் கல்லூரிக்கும் சேர்த்து ஒரே அப்ளிகேஷன், ஒரே கடைசித் தேதி என்றார். பதினைந்து சம்பந்தம் பார்த்தவள், பெற்ற மகளுக்கு ஒரு வருஷத்தைப் பாழாக்கிவிட்டாள். வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில், காலில் செருப்பு மாட்டக்கூட நினைவில்லாமல் திரும்பவும் தாடிக்கொம்புக்கு ஓடினாள்.

ஏதாவது செய்ய முடியுமா, அபராதம் கட்டினால் வாங்குவார்களா என்று அவள் மூச்சிரைக்கக் கேட்கக் கேட்க, பர்ஹானா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அக்கா, நிலா அப்பவே போட்டுட்டா. ரிசல்ட் வந்த வாரமே. இங்கதான் போட்டா.”

அப்பாடா என்று உயிர் வந்தது. வந்த உயிர் உட்காருவதற்குள் கோபமும் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, பர்ஹானாவையும் சேர்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

சடையாண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தமிழ்நிலா தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, கரண்டியைக் கீழே வைத்தாள். தேதி முடிந்துவிடும் என்ற பயத்தில் போட்டேன், சொன்னால் பயணமே வேண்டாம் என்று விட்டுவிடுவாயோ என்று சொல்லவில்லை என்றாள். நாகஜோதி சத்தம் போடத்தான் வந்தாள். வாயைத் திறந்தால் வேறு என்னவோ வந்தது.

“எனக்கு யாரும் வீடு பாக்கல. எங்கப்பா பஸ் ஸ்டாண்டுல நின்னே வாக்குக் குடுத்துட்டு வந்துட்டாரு. இந்த வீடு எப்படி இருக்கும்னு தெரியாமத்தான் வந்து எறங்குனேன். ஒனக்காச்சும் நான் போய்ப் பாக்கணும்னு இருந்தேன்.”

இருபது வருஷத்தில் அவள் இதைச் சொன்னதில்லை. சடையாண்டி சோற்றில் வைத்த கையை எடுக்காமலே கேட்டார்.

“வந்து பாத்திருந்தா, சரின்னு சொல்லிருப்பியா?”

பொய் சொல்லியிருக்கலாம். நாகஜோதிக்கு அது வராது. “மாட்டேன்” என்றாள். கொல்லையில் கதவில்லை, தண்ணீருக்குத் தோட்டம்வரை நடக்க வேண்டும், கூரையில் மூன்று இடத்தில் வானம் தெரிந்தது. நிறுத்தியிருக்க வேண்டிய சம்பந்தம்தான். சடையாண்டி, வாஸ்தவம்தான் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அவர் முகம் சுருங்கியதை அவள் பார்த்தாள், சங்கடமாக இருந்தது.

தமிழ்நிலாவுக்கு இது புதுக் கதை. பயத்தை மறந்து, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“அப்பறம் ஏம்மா இருந்த?”

நாகஜோதி யோசித்தாள். இத்தனை வீட்டைத் துருவித் துருவிக் கேட்டவள் இதை மட்டும் தன்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை.

“வந்த மூணாம் நாளு, ஒனக்கு என்ன வேணும்னு கேட்டாரு. அதுவரைக்கும் எங்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே சுருக்கென்றது. ஒரு மாதமாகச் சுவர் உயரத்தை விசாரித்தாள், தண்ணீரை விசாரித்தாள், ஊர் பேர் தெரியாத ஜெராக்ஸ் கடைக்காரரை விசாரித்தாள். இந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளுக்கு எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“ஒனக்கு எந்த ஊருல படிக்கணும் தாயி?”

தமிழ்நிலா அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். சென்னை என்றாள், மெதுவாக.

மூன்றில் ஆகத் தொலைவு அதுதான். அதற்கு முன்னால் சேலமோ திருச்சியோ மனசுக்குப் பிடித்துவிட்டால் சென்னைக்குப் போகாமலே திரும்பிவிடலாம் என்றுதான் அதைக் கடைசியில் வைத்திருந்தாள் நாகஜோதி. வீட்டுக்கும் அந்த ஊருக்கும் நடுவில் எத்தனை ஸ்டேஷன் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

“அப்ப மத்த ரெண்டு ஊரும் வேணாம்” என்றாள். “சென்னைக்கு மட்டும் போவோம். ஒனக்கு என்ன பாக்கணுமோ பாரு. நான் கூட வாரேன்.”