மூன்று துறைக்கும் விருந்தாளி

பருவநிலை மாறினால் மரத்துக்கு என்ன ஆகும், மனுஷனுக்கு என்ன ஆகும் என்று ஒருசேரப் பார்க்கிற ஆராய்ச்சி வேலை இருக்கிறதே, அதில் எல்லாம் கிடைக்கும், உட்கார இடம் மட்டும் கிடைக்காது. தொண்ணூறுகளில் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ரெண்டு பேருக்கு நடுவில் நின்று வேலை பார்த்து நொந்த மற்றவர்களும் வாருங்கள், நம்ம கதைதான்.

நடைபாதை மேசை

பல்கலைக்கழகத்தில் எனக்கு இரண்டு வருட ஒப்பந்தம். அது முடிவதற்குள் ஏதாவது ஒரு துறை என்னை நிரந்தரமாக எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். புவியியல்காரர்கள், "ரப்பர் மரமா? அப்போ நீ விவசாயத்துறை" என்றார்கள். விவசாயத்துறை, "பாலுக்கு மரம் சீவுகிறவர்களிடம் பேட்டி எடுக்கிறாயா? நீ சமூகவியல்" என்றது. சமூகவியலோ, "மழையை அளக்கிறாயே, புவியியலுக்குப் போம்மா" என்று கும்பிடு போட்டது.

கடைசியில் மூன்று துறைக்கும் பொதுவான நடைபாதையில், குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டார்கள். எனக்குக் கோபமென்றால் அப்படியொரு கோபம். அலுவலக உதவியாளர் காக் ரோஸ்னா (காக் என்றால் அக்கா) மலாய்க்காரர்; தமிழர்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில், கம்போங் என்கிற மலாய்க் கிராமத்தில் வளர்ந்ததால் தமிழில் பின்னி எடுப்பார். அவர் சொன்னார்: "கோவப்படாத லா தங்கச்சி, தண்ணி குடிக்க வர்றவன் எல்லாம் உன்னப் பாத்துட்டுத்தான் போறான். புரொபசருக்குக்கூட அந்த அதிர்ஷ்டம் இல்ல."

மாமாவின் ஞாயிற்றுக்கிழமை

மலாக்கா பக்கம் எங்கள் ஊரான அலோர் காஜாவில், வீட்டுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்த மாமா ஒருநாள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். மகளுக்குக் கல்யாணம், வாசலில் பந்தல், மழை வருமா வராதா என்று நான் சொல்ல வேண்டுமாம். "மகளுக்கு மழை ஆராய்ச்சி" என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து வைத்திருந்தது அம்மாவின் வேலை.

நான் பொறுமையாக விளக்கினேன். முப்பது வருஷம் கழித்து மழை எப்படி மாறும், அப்போது தோட்டத்து மக்கள் பிழைப்பு என்ன ஆகும், அதுதான் மாமா என் வேலை என்றேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "முப்பது வருஷம் கழிச்சுப் பெய்யுற மழை இருக்கட்டும், எனக்கு வர்ற ஞாயித்துக்கிழமைக்குச் சொல்லு பாப்பா!" என்றார்.

மழை: பூஜ்யம்

அதே மலாக்கா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகைக்குப் பின்னால், மழைமானி ஒன்றை நட்டு வைத்தேன். புனல் வைத்த தகரக் குழாய், அவ்வளவுதான். வாரா வாரம் போய்த் தேங்கிய தண்ணீரை அளக்க வேண்டும். அடைமழைக் காலம். மூன்று மாதமும் குழாய் காய்ந்தே கிடந்தது. முந்தின நாள் மழைச் சேற்றில் முழங்கால் வரை புதைந்து நின்று, "மழை: பூஜ்யம்" என்று எழுதியிருக்கிறேன் ஐயா! ஒப்பந்தம் முடிய இருந்ததே ஐந்து மாதம்தான்.

பிறகுதான் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் லெட்சுமி அக்கா பெருமையோடு விஷயத்தைச் சொன்னார்: "தண்ணி தேங்குனா கொசு வரும்னு சுகாதார இலாகாக்காரங்க சொல்லிட்டுப் போனாங்க. நான்தான் தினமும் கொட்டிட்டுத் துணியால துடச்சு வைக்கிறேன். உன் டப்பாவில ஒரு புழு இருந்தா என் பேர மாத்திக்கிறேன் தங்கச்சி!"

கதவுக்குப் பின்னால்

நான் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். போச்சு, வேலை போச்சு என்று புலம்பினேன். அக்கா பதறிப்போய் வீட்டுக்கு இழுத்துப்போய்ப் பசியாற வைத்தார். "எந்த நாளு மழை வேணும் உனக்கு?" என்று கேட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் ஒரே ஆணியில் தொங்கிய நாட்காட்டிகளை மொத்தமாகக் கழற்றி மடியில் போட்டார். பதினோரு வருஷத்து நாட்காட்டிகள்! காலை மழைக்கு வட்டம், மாலை மழைக்குக் கோடு, தூறலுக்குப் புள்ளி, பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்பு. ஒருநாள் விடவில்லை.

அங்கேயே புரட்ட ஆரம்பித்தேன். பக்கத்துத் தோட்டத்து அலுவலக மழைப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தேன், ஒத்துப்போனது. அதில் இல்லாத சங்கதியும் இங்கே இருந்தது. மரம் சீவுகிற நேரத்தில் மழை வந்த காலைகள் வருஷத்துக்கு வருஷம் எந்த மாதத்துக்கு நகர்ந்தன என்று பளிச்சென்று தெரிந்தது. "எதுக்குக்கா இதெல்லாம்?" என்றேன். "என் வீட்டுக்காரரு சன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு, 'மரம் ஈரம், இன்னிக்குச் சீவ முடியாது'ன்னு திரும்பிப் படுத்துக்குவாரு. எது மழை, எது பொய்யின்னு ஒரு நாளைக்கு நான் கேக்கணுமில்ல?"

மூன்று தலைவர்கள்

நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்கு மஞ்சள் கறை படிந்த நாட்காட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று துறைத் தலைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். "இதெல்லாம் ஒரு தரவா?" என்றார் புவியியல். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்தப் பதினோரு வருஷத்தில் ஏதாவது ஒரு தேதி சொல்லுங்கள் சார் என்றேன். அவர் தன் மகள் பிறந்த தேதியைச் சொன்னார். மலாக்கா ஆஸ்பத்திரியில் பிறந்தவளாம்.

புரட்டினேன். வட்டத்துக்குப் பக்கத்தில் அக்காவின் கையெழுத்து: "விடிஞ்சதுலேர்ந்து மழ. மத்தியானம் விட்டுச்சி. அவரு சாயந்தரம் வரைக்கும் எந்திரிக்கல." படித்து மலாயில் சொன்னேன். மூன்று பேரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். புவியியல் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மத்தியானம் மழை விட்ட பிறகுதான் நான் ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேர்ந்தேன். எங்களுக்கு இந்த அம்மாதான் வேண்டும், கூட வந்த பாவத்துக்கு உங்களையும் எடுத்துக்கொள்கிறோம்" என்றார்.

இரண்டு பேர்

கட்டுரை எழுதியபோது என் பேருக்குப் பக்கத்தில் லெட்சுமி அக்கா பேரையும் போட்டேன். "அவங்களுக்குப் பட்டமில்லையே" என்றார் துறையில் ஒருவர். "எனக்குத் துறையில்லாமலே ரெண்டு வருஷம் ஓடலையா சார்?" என்றேன்.

அச்சான இதழை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் பறந்தேன். அக்காவுக்கு ஆங்கிலம் வராது. பேர் இருக்கிற இடத்தைக் காட்டினேன். விரலை வைத்துத் தடவினார், மறுபடி தடவினார். கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. "என் பேரு அச்சுல வந்தது ஒருவாட்டிதான், கல்யாணப் பத்திரிகையில. இது ரெண்டாவது. இதுல அவரு பேரு இல்ல, பாத்தியா!"

உங்கள் ஆராய்ச்சிக்கு மூலாதாரம் என்னவென்று இன்றைக்கும் யாராவது விறைப்பாகக் கேட்டால், ஒரு மனுஷனின் சோம்பலும் அதை நம்பாத ஒரு பெண்டாட்டியும் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.