தீக்குச்சியின் தம்பி

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்குத் தீக்குச்சி என்று பெயர். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். பிழை திருத்த வந்து, யார் கண்ணிலும் படாமல் மூலையில் கிடந்த மனிதர். ஒருநாள் யாரோ தர வேண்டிய கட்டுரை வராமல் போக, டாக்டர்களை வாய்க்கு வந்தபடி வைது ஒன்று எழுதிக் கொடுத்தார். ஊரே கொதித்தது. பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டுக் கைகுலுக்கினார்.

“வாராவாரம் எழுதுங்க. திட்டட்டும், படிக்கிறாங்கல்ல?”

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவருடைய பத்தி வந்தது. பத்திக்கு மேலே அவருடைய முகமும் வந்தது.

அந்த முகம் அவருக்கு மட்டும் சொந்தமில்லை என்பதுதான் வினை. தம்பிக்கும் அதே மூக்கு, அதே வழுக்கை. பேருந்து நிலையத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அண்ணன் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். வசவெல்லாம் நடந்து போகிற தம்பியின் தலையில் விடியும். “அவர் என் அண்ணன்ங்க” என்று சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் சொல்வதையே விட்டுவிட்டான்.

“சம்பளம் உனக்கு, திட்டு எனக்கு. நல்ல பங்குதாண்ணே!” என்று சிரிப்பான்.

பேருந்து நிலைய வாசலில் குடை நட்டு வியாபாரம் செய்கிறவர்களைத் துரத்த வேண்டும் என்று ஒரு வாரம் எழுதினார். போன தேர்தல் சமயத்தில் அவர்களைத் தொடக்கூடாது என்று எழுதியவரும் இவரேதான். அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்! நகராட்சி வண்டி வந்து தட்டு, குடை, தராசு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது.

அன்று மாலையே தம்பியை அடித்துப் போட்டார்கள். வியாபாரிகள் இல்லை. தளர்ந்த கண்ணாடிகளுக்குத் திருகாணி முடுக்கிவிட்டுக் காசு வாங்காத ஆளை அவர்களுக்குத் தெரியும். வந்தது எங்கிருந்தோ திரண்ட, வியாபாரிகளின் சொந்தக்காரப் பையன்கள். அவர்களுக்குத் தெரிந்தது பத்திரிகைப் படம் மட்டும்.

ஆஸ்பத்திரியில் அவரைக் கண்டதும் தம்பி மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். தம்பியின் ஒரு கண் கட்டுக்குள் இருந்தது. பார்வை திரும்புவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“நான் அவர் இல்லன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா!” அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“வாய் வரலண்ணே. நியாயம்னு பட்டுத்தான நீ எழுதியிருப்ப? அடின்னு வந்ததும் நான் மட்டும் எப்படிக் கையக் கழுவுறது?”

அதை எழுதுவதற்கு முந்தின வாரங்களில் பத்திக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. “என்ன தீக்குச்சி, நமுத்துப் போச்சா?” என்று ஆசிரியர் கேட்டிருந்தார். அந்தப் பயத்தோடு அலுவலக ஜன்னல் வழியே பார்த்தபோது கண்ணில் பட்டவை அந்தக் குடைகள். அவற்றின்மேல் அவருக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை.

“சொல்லுண்ணே. நம்பித்தான எழுதின?”

கட்டுப் போடாத கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஊருக்கே அஞ்சாதவர், கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஆமாடா.”

“அப்பச் சரிண்ணே,” என்று தம்பி நிம்மதியாகத் திரும்பிப் படுத்தான்.