எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய பலகை

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டடப் பிரிவில் வேலை பார்த்தேன். வயது இருபத்தாறு. எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமில்லை என்ற நினைப்பு. நூலகத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த நீள ஹாலை மாணவர்கள் படிக்கும் இடமாக்குகிறேன் என்று பதிவாளர் முன்னால் போய் நின்றேன். மேசைக்கெல்லாம் சக்கரம். நாலு பேர் சேர்ந்து படிக்கணுமா, மேசைகளைச் சேர்த்துக்கொள். தனியாகப் படிக்கணுமா, மூலைக்குத் தள்ளிக்கொண்டு போ.

பதிவாளருக்கோ அந்த ஹாலில் விடைத்தாள் மூட்டைகளை அடுக்க ஆசை. ஆனால் எங்கள் ஊர்க்காரர், முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. "செய்யுங்க தம்பி. தீபாவளி கழிச்சு வந்து பாக்கறனுங்க. பசங்க நெறஞ்சிருந்தா ஹாலு உங்களுது. இல்லீனா மூட்டைக்குங்க" என்றார். இத்தனை மரியாதையாக யாரும் என்னை மிரட்டியதில்லை.

சக்கரத்துக்குக் கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறைக்காரரைப் பிடித்தேன். பம்புசெட்டுக்கு உதிரி பாகம் செய்கிறவர். மேசைக்கு, மேசைக்கு என்று நூறு தடவை சொன்னேன். அவர் செய்து கொடுத்ததில் மாட்டுவண்டியே ஓட்டலாம்.

"எதுக்குங்க இத்தனை கனம்?"

"இருக்கட்டுங்க. நாளைக்கு மேடு பள்ளத்துல தள்ளோணும்னா?"

"ஹாலுக்குள்ள ஏதுங்க மேடு பள்ளம்!" என்று அவரிடம் எரிந்து விழுந்தேன்.

ஹால் திறந்து ஒரு மாதமாயிற்று. வந்ததே பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரும் பரீட்சை எழுதுவதுபோல, நான் போட்ட வரிசையிலேயே அசையாமல் உட்கார்ந்தார்கள். ஆனைமலையிலிருந்து வந்து விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. படித்த ஒரு பெண்ணிடம், "ஏம்மா, மேசையைத் தள்ளிக்கறதுக்கென்ன?" என்று கேட்டேன்.

"சொல்லாமத் தொட்டா நல்லாருக்குமுங்களா சார்?" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருந்து வீட்டில்கூட ஒருத்தர் நேரே வந்து 'எந்திரிங்க, சாப்பிடலாம்' என்று கூப்பிடாவிட்டால் பசியோடு பஸ் ஏறிவிடுகிற ஜனம் எங்கள் ஜனம். சரி, எழுத்திலேயே கூப்பிட்டுவிடுவோம் என்று ஒரு பலகை எழுதி மாட்டினேன். 'மேசை, நாற்காலிகளை மாணவ மாணவியர் தங்கள் வசதிப்படி எடுத்துக்கொள்ளலாம்.' கீழே என் கையெழுத்து. கூடவே அலுவலக முத்திரை. அது ஒன்றுதான் குறைச்சல்!

மாட்டிய கையோடு பெருந்துறையில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். மூன்று நாள் கழித்துத் திரும்பிய அன்றைக்குத்தான், தீபாவளி கழிந்து, பதிவாளர் பார்க்க வந்தார். மடிப்புக் கலையாத சட்டையோடு நான் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு மேசை இல்லை. ஒரு நாற்காலி இல்லை.

"ஏனுங்க தம்பி, நல்லா விசாலமாத்தானுங்க பண்ணியிருக்கீங்க" என்றார் பதிவாளர்.

செம்மண்ணில் சக்கரத் தடம் தெளிவாகப் போயிற்று. அதைப் பிடித்துக்கொண்டே இரண்டு பேரும் நடந்தோம். தடம் பெண்கள் விடுதி வாசலில் ஏறியது. வார்டன் அம்மாவிடம் அனுமதி கேட்டு, தலையைக் குனிந்துகொண்டு வராந்தாவுக்குள் போனோம். என் மேசைகள் அத்தனையும் அங்கே இருந்தன. நாலு சேர்த்து ஓரிடம், இரண்டு சேர்த்து ஓரிடம், தூணோரம் தனியாக ஒன்று. ஹாலுக்கென்று நான் வரைந்த வரைபடம் அச்சுப் பிசகாமல் அங்கே நடந்துகொண்டிருந்தது.

ஆனைமலைப் பெண்தான் எழுந்து நின்றாள். "எங்களுக்கு லேப் முடியவே அஞ்சு ஆயிருதுங்க சார். ஹாலை அஞ்சரைக்குப் பூட்டிப்போடறாங்க. ஆறு மணிக்கு நாங்க விடுதி கேட்டுக்குள்ள இருக்கோணும். ஒரு ரூமுக்கு ஆறு பேரு, தரையில உக்காந்துதானுங்க படிச்சோம். சாரோட போர்டைப் பாத்ததும் எல்லாருக்கும் ஒரே சந்தோசமுங்க. நம்ம கஷ்டம் சாருக்குத் தெரிஞ்சிருக்குதுன்னு பேசிக்கிட்டோம்."

எனக்கு எங்கே தெரிந்தது! சக்கரத்தின் விட்டம் கேட்டேன், ஜன்னலின் அகலம் கேட்டேன். உங்களுக்கு எத்தனை மணிக்கு வகுப்பு முடிகிறது என்று ஒரு வார்த்தை யாரையும் கேட்கவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

பதிவாளர் என்னை ஓரமாக அழைத்தார். "தம்பி, ஹாலுக்குள்ள நகர்த்தறதுக்குத்தானுங்களே எழுதுனீங்க? புள்ளைங்க தப்பாப் புரிஞ்சுபோட்டாங்க. அதைச் சொல்லிருங்க, மேசையெல்லாம் இப்பவே திரும்பிரும். இன்னொரு மாசம் டைமும் தாரேன். ஹாலு உங்களுக்கே இருக்கட்டுங்க."

நல்ல மனுஷர், மனதாரத்தான் சொன்னார். ஆசை யாரை விட்டது? அந்த ஹால்தான் என் முதல் வேலை. திரும்பிப் பார்த்தேன். என்ன பேசுகிறோம் என்று புரிந்துபோய், ஒரு பெண் புத்தகங்களை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள்.

"இல்லீங்க சார்" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இங்க கொண்டுட்டு வரத்தானுங்க எழுதுனேன்."

அடுத்த திங்கட்கிழமையே ஹாலில் மூட்டைகள் ஏறிவிட்டன.