அத்தை அம்மி மிதித்த இடம்

கல்யாணத்தில் பெண் அம்மி மிதிப்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் காலைப் பிடித்து அம்மிமேல் வைப்பார். பெண் வெட்கப்படுவாள், சுற்றியுள்ளவர்கள் சிரிப்பார்கள். எங்கள் சின்ன அத்தை அம்மி மிதித்த லட்சணமே வேறு. கொட்டுகிற மழையில், கண்டாலா மலைச்சாலையில், பின்னால் நழுவி வருகிற லாரிச் சக்கரத்துக்கு எதிரே நின்று மிதித்தாள். மாப்பிள்ளை அந்நேரம் பூனாவில் சாவகாசமாகச் சவரம் செய்துகொண்டிருந்திருப்பார்.

யுத்தம் இன்னும் முடியாத காலம். தாராவியில் ஒரே அறையில் அப்பா, அம்மா, நான், தம்பி, அப்பாவின் தங்கையான சின்ன அத்தை என்று குடியிருந்தோம். அத்தைக்குப் பூனாவில் வேலை பார்க்கிற நம்மூர்ப் பையன் அமைந்தான். கல்யாணமும் ஆவணியில் அங்கேயே என்று முடிவாயிற்று. ரயிலைப் பட்டாளத்துக்காரர்கள் நிறைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கூட்டத்துக்கு டிக்கெட் என்பது குதிரைக்கொம்பு. அப்போது கைகொடுத்தவர் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா. அவர் தோல் கிடங்கு ஒன்றில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். முதலாளியிடம் சொல்லி, வண்டியைத் தேய்த்துக் கழுவி, வைக்கோல் பரப்பி மேலே ஜமக்காளம் விரித்து, முகப்பில் மாவிலைகூடக் கட்டி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

அந்த லாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெட்ரோலுக்கு ரேஷன் இருந்ததால் வண்டியின் பக்கவாட்டில் ஆள் உயர இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தி, அதில் கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். சமதரையில் ஒழுங்காகப் போகும். ஏற்றத்தைக் கண்டால் இளைப்பு நோய்க்காரர் மாதிரி மூச்சு வாங்கும், நடுவில் நின்றுவிடும். டயர்களோ ஒட்டுமேல் ஒட்டுப் போட்டவை. அதனால் மலை ஏறும்போது கிளீனர் கையில் ஒரு கட்டையோடு வண்டிக்குப் பின்னால் நடந்தே வருவான். முக்கோணமாகச் செதுக்கிய தேக்குக் கட்டை. வண்டி பின்னால் நழுவினால் அதைச் சக்கரத்தடியில் செருகுவது அவன் வேலை. பிரேக்கை மட்டும் நம்பி மலை ஏறுகிறவன் டிரைவரே இல்லை என்பார் மாமா.

எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கடைசி நிமிஷத்தில் வந்து சேர்ந்த உறவுக்காரர்களுக்கு இடம் வேண்டும் என்று அந்தக் கிளீனரை இறக்கிவிட்டார்கள். மாமா தயங்கத்தான் செய்தார். இத்தனை ஆம்பளைகள் இருக்கிறோம், ஒரு கட்டையைப் போட மாட்டோமா என்று அப்பா சவடால் பேசினார். அப்பாவுக்கு மில்லில் வேலை. லாரியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

புறப்படுகிற நேரத்தில் அம்மா அம்மியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதைப் பெண் வீட்டார்தான் கொண்டுபோக வேண்டும், கண்ட வீட்டுக் கல்லில் எங்கள் பெண் மிதிக்க மாட்டாள் என்பது அவள் கட்சி. போகிற வழியெல்லாம் மலைதானே, கல்லுக்கா பஞ்சம் என்று அப்பா கேலி செய்தார்.

"மலையில என்னைக்காவது மசாலா அரைச்சிருக்கியளா?" என்றாள் அம்மா.

அம்மியும் குழவியும் சாக்கில் சுற்றப்பட்டு லாரியின் பின்கோடியில் ஏறின. யாராவது அதன்மேல் உட்கார்ந்து தொலைத்தால் தரித்திரம் என்று காவலுக்குக் கல்யாணப் பெண்ணையே பக்கத்தில் உட்கார வைத்தாள். அத்தைக்கு அது வசதியாகப் போயிற்று. உள்ளே உட்கார்ந்தால் அவளுக்கு வாந்தி வரும்.

தாணா, பன்வேல் எல்லாம் தாண்டிப் போனோம். ராணுவ வண்டிகள் ஓடி ஓடிச் சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஒவ்வொரு குழிக்கும் நாங்கள் குதித்துக் குதித்து விழுந்தோம், எனக்கும் தம்பிக்கும் கொண்டாட்டம் தாங்கவில்லை. மலையடிவாரத்தில் கோப்போலியில் வண்டி நின்றது. ஏறுவதற்கு முன்னால் கரி அடுப்பைக் கிளறி, டயரையெல்லாம் தட்டிப் பார்க்க வேண்டும் என்று மாமா கீழே இறங்கினார். அப்பாவுக்குக் காப்பித் தாகம் வந்துவிட்டது. ஒரு மரத்தடியில் கல் கூட்டி, கருப்பட்டிக் காப்பி போட ஏற்பாடு செய்தார். ஆனால் மழையில் சுள்ளியெல்லாம் ஊறிப்போயிருந்தது. பற்றவே இல்லை. அப்பா லாரியைத் துழாவி, இருக்கைக்கு அடியிலிருந்து காய்ந்த மரத்துண்டு ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து பிளந்து அடுப்பில் வைத்தார். ஜோராக எரிந்தது. காப்பி அருமை என்று எல்லாரும் அப்பாவைப் பாராட்டினார்கள். மாமாவுக்கும் ஒரு டம்ளர் போயிற்று. குடித்துவிட்டு ஏறினவர்கள் லாரியின் பின்பலகையை மூட மறந்தார்கள். எங்கள் ஆட்களின் ஒழுங்கு அது.

பாதி மலைவரை லாரி முனகிக்கொண்டே ஏறியது. ஒரு செங்குத்தான வளைவில் நடுச்சாலையில் பெரிய பாறாங்கல் கிடந்தது. முன்னால் போன எவனோ தன் வண்டி நழுவாமல் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு, காரியம் முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். மாமா அவனுடைய பாட்டன்வரை திட்டிக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்தார். கல்லிலிருந்து தப்பினோம். ஆனால் வேகம் குறைந்து, லாரி இரண்டு தடவை இருமி நின்றுபோயிற்று. அடுத்த நிமிஷம் மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. மரமெல்லாம் முன்னால் போகுது பாரு என்று நான் தம்பிக்குக் காட்டினேன்.

"கட்டையப் போடுங்கலே, கட்டையப் போடுங்க," என்று மாமாவின் குரல் வந்தது. அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

ஆம்பளைகள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எந்தக் கட்டை, எங்கே இருக்கிறது என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். அப்பா மெல்ல, "அதத்தான் காப்பிக்கு வச்சோம்," என்றார்.

அத்தை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. திறந்து கிடந்த பின்பக்கம் வழியாக அம்மிச் சாக்கை இரண்டு காலாலும் உதைத்துத் தள்ளினாள். அது சாலையில் விழுவதற்குள் அவளும் குதித்தாள். தண்ணீர்க் குடம் சுமந்து உரமேறின கை அது. சாக்கோடு அம்மியைப் புரட்டிச் சக்கரத்துக்கு நேராகப் போட்டு, நகர்ந்துவிடாதபடி வலது காலால் மிதித்துக்கொண்டாள். சக்கரம் வந்து முட்டியது. லாரி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். எங்கள் அம்மி ஆவணி மழையில் அசையவில்லை ஐயா, அசையவே இல்லை! குழவிதான் சாக்கிலிருந்து நழுவி, உருண்டு உருண்டு போய், வளைவில் ஓரச்சுவர் இடிந்து கிடந்த இடத்தின் வழியாக விழுந்தது. அந்த இடம் எங்களுக்கு வெகு பக்கத்தில் இருந்தது. அங்கே மேகம் எங்கள் காலுக்குக் கீழே மிதந்தது. நான் அதற்குமுன் அப்படி ஓர் அழகைப் பார்த்ததில்லை.

ஆம்பளைகளுக்கு அப்போதுதான் உணர்வு வந்தது. குதித்து ஓடி ஆளுக்கொரு கல்லாகக் கொண்டுவந்து சக்கரங்களுக்கு அண்டை கொடுத்தார்கள். கூட்டம் முழுக்க இறங்கிற்று. மாமா ஆத்திர அவசரத்துக்கென்று டப்பாவில் ஒளித்துவைத்திருந்த பெட்ரோலை ஊற்றி, வெறும் வண்டியை உச்சிவரை ஒரே மூச்சில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போகும்போது, அம்மி கிடக்கட்டும், எல்லாரும் நடந்து வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா நகரவில்லை.

"நடு ரோட்டுல இதப் போட்டுட்டுப் போனா பின்னால வாறவன் கதி என்ன?" என்றாள். "எடுங்க. எல்லாக் கல்லையும் எடுத்து ஓரத்துல போடுங்க. முன்னால கிடந்ததையும் சேத்து."

எடுத்துப் போட்டார்கள். அம்மியை யார் சுமப்பது என்ற கேள்வியே எழவில்லை. எல்லாரும் அப்பாவைத்தான் பார்த்தார்கள். தலையில் சும்மாடு கட்டி, அம்மியை வைத்துக்கொண்டு, அப்பா மழையில் கண்டாலா மலை ஏறினார். பின்னால் சேறு அப்பின சேலையோடு கல்யாணப் பெண், அவளுக்குப் பின்னால் குலவையிட்டுக்கொண்டே நாங்கள். எந்த ராஜா வீட்டுப் பெண்ணுக்கும் அப்படி ஓர் ஊர்வலம் அமைந்திருக்காது. எதிரே வந்த ராணுவ லாரிக்காரன் எங்களைப் பார்த்துச் சலாம் வைத்தான்.

பூனாவில் போய் இறங்கினபோது மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கல்யாணப் பெண்ணைக் கூட்டி வந்தீர்களா, நாற்று நட்டவளைக் கூட்டி வந்தீர்களா என்று கேட்டாள். என் தம்பிக்கு வாய் சும்மா இருக்காது. நடந்ததையெல்லாம் நடித்தே காட்டிவிட்டான். அந்த அம்மாள் உள்ளே போய், வெந்நீரும் மஞ்சளும் கொண்டுவந்து, தானே உட்கார்ந்து அத்தையின் காலைக் கழுவினாள். வலது கட்டைவிரலில் நகமே இல்லை. அத்தை அதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் முகூர்த்தம் நன்றாக நடந்தது. அம்மியைக் கழுவி மஞ்சள் பூசியும் டயரின் கறை ஒரு மூலையில் போகவில்லை. மாப்பிள்ளை குனிந்து காலைப் பிடித்தார். விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்து, தூக்கலாமா வேண்டாமா என்று அப்படியே இருந்துவிட்டார்.

"லாரியே ஏறுன அம்மிதான். பயப்படாம வைங்க," என்றாள் அத்தை.

பந்தலே அதிர்ந்தது. மேளக்காரர் யாரும் சொல்லாமலே கெட்டிமேளம் கொட்டினார். என் மருமகள் லாரியை நிறுத்தினவளாக்கும் என்று மாப்பிள்ளையின் அம்மா சாப்பாட்டுப் பந்தியில் இலை இலையாகச் சொல்லிக்கொண்டே போனாள். காப்பிக் கதையும் பரவிவிட்டதால், அப்பாவுக்குக் காப்பி கொடுக்கிறவர்களெல்லாம் விறகு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டார். எங்கள் குடும்பம் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மாமா மட்டும் சேரவில்லை. இலைமுன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. அத்தைக்கு இவ்வளவு பேரும் புகழும் கிடைத்துவிட்டது, வண்டி ஓட்டினவரை யாரும் கண்டுகொள்ளவில்லை, அதனால் அவருக்குப் பொறாமை என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

திரும்புகிற அன்று இன்னும் விசித்திரம். எங்கள் எல்லாருக்கும் ரயில் டிக்கெட்டோடு வந்து நின்றார். யார் யார் காலில் விழுந்து வாங்கினாரோ தெரியாது. அதே பம்பாய்க்குத்தான் லாரியும் காலியாகப் போகிறது. அம்மா கேட்டுப் பார்த்தாள், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னையும் தம்பியையும் ஜன்னல் வழியாக உள்ளே விட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, லாரியில்தான் வருவேன் என்று அடம்பிடித்தேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார்.

"அது செத்த மாட்டுத் தோலு ஏத்துற வண்டி தாயி," என்றார். "உங்கள ஏத்துற வண்டி இல்ல."

லாரி நாறுகிறது என்று கூச்சப்படுகிறார், பாவம், என்று எனக்குத் தோன்றியது. அவர் மனம் நோகக் கூடாதே என்று, "எனக்கு அந்த நாத்தம் ஒண்ணும் செய்யல மாமா," என்றேன்.

ரயில் நகர்ந்தது. மாமா அதே இடத்தில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மழையே இல்லையே, எதைத் துடைக்கிறார் என்று தம்பியிடம் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.