தலைமாட்டுச் சட்டை

ஓரகத்தியின் டிரங்குப் பெட்டியைப் போன மாதம் திறந்தபோது, புடவைகளுக்கு அடியில் அந்தச் சட்டை இருந்தது. வெள்ளையில் நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை. பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. எத்தனை வருடமானால் என்ன, செய்த காரியம் மறந்தால்தானே!

நான் சுரக்குடியிலிருந்து காரைக்காலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் போகவில்லை. என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், சைகோனில் உத்தியோகத்தில் இருந்தார். புறப்படும்போது மனைவியிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கடிதத்தில் காய்ச்சல், சண்டை, சச்சரவு எதுவும் வேண்டாம். மாதம் முழுவதும் உனக்குச் சந்தோஷம் கொடுத்த சின்னச் சின்ன விஷயங்களை மட்டும் எழுது, அது போதும் என்று. ஓரகத்திக்கு எழுதத் தெரியாது. எட்டாவது வரை படித்த நான் அந்த வீட்டுக்குள் நுழைந்த மறுமாதமே பேனா என் கைக்கு வந்துவிட்டது.

மாதக் கடைசியில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து மாமியார் கண்ணயர்ந்ததும், அவள் குரோஷா ஊசியும் நூலுமாகச் சுவரில் சாய்ந்து உட்காருவாள். பின்னிக்கொண்டே சொல்வாள். மேசை விரிப்புக்கு மூன்று பூ முடிந்தது. கிணற்றடி டிசம்பர் செடி மொட்டு விட்டிருக்கிறது. பல்லாங்குழியில் சின்னவளை (என்னைத்தான்) இரண்டு தரம் தோற்கடித்தேன். பட்டினச்சேரி மீன்காரி கொசுறாகக் கொடுத்த நெத்திலியை வறுத்தபோது பூனை வாசலிலேயே தவம் கிடந்தது. மழை பெய்த அன்று ஒரு டம்ளர் காப்பியை ஆறவிடாமல், யாரும் கூப்பிடாமல், முழுசாகக் குடித்தேன். இவ்வளவுதான். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிறைவு இருக்கும்.

எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. கல்யாணமான புதிது, வாயும் துடுக்கு. புருஷனுக்கு எழுதுகிற கடிதமா இது, படிக்கிற மனுஷன் பாதியிலேயே தூங்கிவிடுவாரே என்று தோன்றும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவ்வளவு நம்பிக்கை. ஒரு மாதம் கடைசியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. நானே ஒரு வரி சேர்த்தேன்: 'உங்கள் பழைய சட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.' முழுப் பொய். அவருடைய பழைய சட்டைகளை எல்லாம் அவள் எப்போதோ கிழித்துக் கரித்துணியாக்கியிருந்தாள். உறையை ஒட்டும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்து, சைகோனிலிருந்து கப்பலில் வந்த மூத்தாரின் சிநேகிதர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மாமியார் கூடத்தில் உட்கார்ந்து பேசினார். நாங்கள் இருவரும் கதவுக்குப் பின்னால் நின்றோம். காப்பியை வாங்கிக்கொண்ட மனுஷர், டிசம்பர் பூ பூத்துவிட்டதா, மேசை விரிப்பு எந்த மட்டும் இருக்கிறது, அந்தப் பூனை சௌக்கியமா என்று வரிசையாக விசாரித்தார். ஓரகத்தி என் கையைப் பிடித்தாள்.

அவர் வெகு சாதாரணமாகத்தான் சொன்னார். மூத்தார் படித்ததெல்லாம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். தமிழ் பேசுவாரே தவிர, எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. அதை மனைவியிடம் சொல்ல வெட்கம். கடிதம் வந்தால் இவர்தான் படிப்பார். பதில் எழுதுவதும் இவர்தான். அறையில் தங்கியிருக்கும் எட்டுப் பேரும் ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். பிறகு அவர் பையிலிருந்து பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து மாமியாரிடம் நீட்டினார்.

"அண்ணன் குடுத்து அனுப்புனாங்கம்மா. பழைய சட்டை நைஞ்சு போயிருக்கும், தலைமாட்டுல வச்சுக்க இது இருக்கட்டும்னு சொன்னாங்க. துவைக்காமத்தான் குடுத்தாங்க."

மாமியார் பொட்டலத்தைத் தொடவில்லை. வந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டுப் போனார். பொது இடத்தில் புடவை நழுவிய மாதிரி நின்றாள் ஓரகத்தி. என்னை ஒரே ஒரு தரம் பார்த்தாள். அன்று முதல் பதினைந்து நாள் மாமியார் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எழுதியது சின்னவள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் அடுப்படியில் அவள் காலைப் பிடிக்கப் போனேன். விலகிக்கொண்டாள்.

"அவரு சந்தோஷப்பட்டுல்ல அனுப்பியிருக்காரு. அவரு நெனச்சிக்கிட்டிருக்கிறது என்னையில்லையே, நீ எழுதுன அந்தப் பொம்பளையைத்தானே."

உண்மையை எழுதிவிடுகிறேன் அக்கா என்றேன். அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"எப்படி எழுதுவ? எட்டுப் பேரு கேப்பாங்க."

நெருப்பில் போட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சட்டையைத் தாளோடு சுருட்டிப் பரணில் எறிந்தாள். அந்த மாதக் கடைசியில் குரோஷாவை எடுத்துக்கொண்டு வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். காப்பி, பூ, பூனை எல்லாம் சொன்னாள். சட்டை வந்தது என்று ஒரு வரி. நான் தாளை மடிக்கப் போனபோது, "படிச்சுக் காட்டு" என்றாள். குரலில் கோபமே இல்லை. மூத்தார் ஊர் திரும்பும் வரை மூன்று வருடம், ஒவ்வொரு மாதமும் படித்துக் காட்டினேன். ஒரு அடியை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம் என்று ஒவ்வொரு மாதமும் தோன்றும்.

மூத்தாரும் போய்விட்டார். அவளும் போய்விட்டாள். பரணோடு மக்கிப்போயிருக்கும் என்று நான் நினைத்திருந்த சட்டையைப் போன மாதம் விரித்துப் பார்த்தேன். துவைக்கவே இல்லை. கழுத்துப்பட்டையில் அவருடைய வியர்வைக் கோடு அப்படியே இருந்தது. முதுகுப் பக்கம் மட்டும் நைந்து நூல் நூலாக நின்றது. அதன் நடுவில், தலை அளவுக்கு, பழுப்பேறிய தேங்காய் எண்ணெய்க் கறை. ஒரு இரவு, இரண்டு இரவில் படிகிற கறை இல்லை அது. மூன்று வருடம் மாதாமாதம் என்னிடம் சொல்லி எழுத வைத்த சந்தோஷங்களில் இது ஒன்றை மட்டும் அவள் சொல்லவே இல்லை.